ஆறு மாத ராஜாவின் பரிசுக் கூடை

போன மாத வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரித் தோழர் தன் செல்பேசியில் ஒரு காணொளி காட்டினார். புல்வெளியில் கூடாரங்கள், கொடிகள். கிரீடம் வைத்த ஒருவரும் அவர் பக்கத்தில் ஒரு பெண்ணும் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டியக்காரர் ஒரு பெயரைக் கூப்பிடுகிறார். கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து அவர்கள் முன்னால் முழங்காலிடுகிறார். ஒரு பட்டயத்தை வாசித்து அவர் கையில் கொடுக்கிறார்கள். கூட்டம் ஆரவாரம் செய்கிறது. இது சினிமா படப்பிடிப்பு அல்ல. வார நாட்களில் நம்மைப் போலவே வேலைக்குப் போய்வருகிற சாதாரண அமெரிக்கர்கள் இவர்கள்.

தோழர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ராஜாவே வேண்டாம்னு சண்டை போட்டு வந்த நாடு. அங்க இருந்துக்கிட்டு இவங்க ஏன் தோழர் மண்டி போடுறாங்க?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. யாரும் கட்டாயப்படுத்தாமல் ஒருவர் இன்னொருவர் முன்னால் மண்டியிடுகிறார், ஒரு பரிசை வாங்குகிறார், பெருமையோடு எழுந்து போகிறார். மண்டியிடுவது என்றால் என்ன, கைநீட்டி வாங்குவது என்றால் என்ன என்று தலைமுறை தலைமுறையாக உடம்பில் அனுபவித்தவர்கள் நாம். இதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போக நம்மால் முடியாது. அதனால் கொஞ்சம் தேடிப் படித்தோம். படித்ததையும் அதிலிருந்து நமக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறோம்.

ஒரு கொல்லைப்புறத்தில் தொடங்கிய ராஜ்யம்

1966 மே 1. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம். இடைக்கால இலக்கியம் படித்துக்கொண்டிருந்த டயானா பாக்ஸன் என்ற மாணவியின் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நண்பர்கள் சேர்ந்து ஒரு போட்டி நடத்தினார்கள். கேடயம், வாள், பழங்கால உடை எல்லாம் உண்டு. முடிந்ததும் இருபதாம் நூற்றாண்டுக்கு எதிர்ப்புத் தெரிவிப்பதாகச் சொல்லிக்கொண்டு தெருவில் ஊர்வலமும் போனார்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம், பெர்க்லி மாணவர்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம் என்பதை நினைவில் வையுங்கள். அந்த விளையாட்டு அன்றோடு முடியவில்லை. 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரானிசம்' என்ற பெயரில் ஓர் அமைப்பாக வளர்ந்தது. இன்று அதில் 20 ராஜ்யங்கள். அமெரிக்காவும் கனடாவும் மட்டுமல்ல, ஐரோப்பாவுக்கு 'டிராகன்வால்ட்' என்றும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு 'லோகாக்' என்றும் ராஜ்யங்கள் உண்டு.

17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய உலகத்தை எடுத்து, அதன் உடை, உணவு, இசை, போர், கைத்தொழில் எல்லாவற்றையும் தாங்களே செய்து பார்க்கிறார்கள். ராஜாவை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் தெரியுமா? பிரம்பில் செய்த வாளால் சண்டை போட்டு. போட்டியில் ஜெயிப்பவரும் அவருடைய துணைவரும் அடுத்த ராஜா, ராணி. பெரும்பாலான ராஜ்யங்களில் பதவிக்காலம் சுமார் ஆறு மாதம்தான். அதன் பிறகு கிரீடத்தைக் கழற்றி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

சண்டையில் இன்னொரு வழக்கம் உண்டு. அடி சரியாக விழுந்ததா இல்லையா என்று நடுவர் சொல்வதில்லை. அடி வாங்கியவரே சொல்ல வேண்டும். கேடயத்தைத் தாண்டி விழுந்த அடியை ஒப்புக்கொண்டு தரையில் சாய்பவருக்கு மரியாதை. மறைப்பவருக்கு அவமானம். அவர்கள் 'மானம்' என்று சொல்வது இங்கேதான் தொடங்குகிறது.

பரிசு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது

இனி பரிசுக்கு வருவோம். இடைக்கால ஐரோப்பாவில் நல்ல அரசன் என்றால் வாரிக் கொடுப்பவன். பழைய ஆங்கிலக் கவிதைகளில் அரசனுக்கு 'வளையம் கொடுப்பவன்' என்றே ஒரு பெயர் உண்டு. கையிலிருக்கும் தங்க வளையத்தைக் கழற்றி வீரனுக்குக் கொடுப்பான். வீரன் உயிரைக் கொடுப்பான். இந்தக் கொடைக்குப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் 'லார்ஜெஸ்' என்று பெயர். அதே சொல்லைத்தான் சொசைட்டியும் எடுத்துக்கொண்டது.

ஆனால் எடுத்துக்கொண்ட விதத்தில் ஒரு திருப்பம் இருக்கிறது. ஆறு மாத ராஜாவுக்குக் கருவூலம் கிடையாது. அவர் கொடுக்கும் பரிசு எங்கிருந்து வரும்? உறுப்பினர்கள் செய்து கொடுக்கிறார்கள். ஒருவர் கண்ணாடி மணி உருக்குகிறார். ஒருவர் நாடா நெய்கிறார். சுருக்குப் பை, ஊசிக்கூடு, மெழுகுவத்தி, சோப்பு, ஈயத்தில் வார்த்த சின்னஞ்சிறு நாணயம், எம்பிராய்டரி போட்ட துணி. இவற்றையெல்லாம் கூடை கூடையாகச் சேர்த்து ராஜா, ராணி கையில் ஒப்படைக்கிறார்கள். அவர்கள் அதை எடுத்து, விருந்தில் பாத்திரம் கழுவியவருக்கு, முதல் முறை வந்த புதியவருக்கு, வேறு ராஜ்யத்திலிருந்து வந்த விருந்தினருக்கு என்று கொடுக்கிறார்கள். யார் அதிகமாக, அழகாகச் செய்து தருகிறார்கள் என்று போட்டியே நடக்கிறது. கொடுப்பது ராஜாவின் கை. செய்தது மக்களின் கை. அது எல்லோருக்கும் தெரியும், மறைப்பதில்லை.

நாங்கள் பார்த்த காணொளியில் அந்தப் பெண் வாங்கிய பட்டயமும் அப்படித்தான். வண்ணம் தீட்டி, பழங்கால எழுத்தில் கையால் எழுதியது. எழுதுவதற்கென்றே தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். கூலி கிடையாது. வாங்குபவரை முன்பின் பார்த்திராமல்கூட மணிக்கணக்காக உட்கார்ந்து எழுதுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு விருது கொடுக்கலாம் என்று ராஜாவுக்குச் சொன்னது யார்? சக உறுப்பினர்கள். யார் வேண்டுமானாலும், யாரைப் பற்றி வேண்டுமானாலும் பரிந்துரை எழுதலாம்.

விருதுகளிலும் ஒன்றைக் கவனியுங்கள். உயர்ந்த பட்டங்கள் சண்டைக்காரருக்கு மட்டும் இல்லை. வீரத்துக்கு நைட் பட்டம் இருப்பது போலவே, கலைக்கும் கைத்தொழிலுக்கும் 'லாரல்' பட்டம், சேவைக்குப் 'பெலிகன்' பட்டம். மூன்றும் ஒரே தகுதி. தன் மார்பைக் குத்தி ரத்தத்தால் குஞ்சுகளுக்கு ஊட்டுவதாக இடைக்கால ஐரோப்பியர்கள் நம்பிய கூழைக்கடாதான் சேவைப் பட்டத்தின் சின்னம். சமையல்கூடத்தில் நின்றவரும், வரவுசெலவுக் கணக்கு எழுதியவரும், கழிப்பறை ஏற்பாட்டைப் பார்த்துக்கொண்டவரும் வாள் வீசியவருக்குச் சமமாக உட்கார முடியும்.

எல்லாவற்றையும்விட எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொரு விதி. அங்கே எல்லோரும் கண்ணியமான குடியில் பிறந்தவர் என்றே கருதப்படுகிறார்கள். அதற்கு மேல் ஒரு படி ஏற வேண்டும் என்றால் உழைத்து விருது வாங்கித்தான் ஏற வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தனக்கு ஓர் இடைக்காலப் பெயரும் கதையும் உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் வாங்காத பட்டத்தைக் காட்டும் பெயரைப் பதிவு செய்ய முடியாது. 'எங்க தாத்தா ராஜா, ஆகவே நானும் ராஜா' என்பது அங்கே செல்லாது. ராஜாவின் பிள்ளையும் பிரம்பு வாளோடு களத்தில் இறங்க வேண்டும்.

உண்மையான இடைக்காலத்தில் கோழி கொடுத்தது யார்?

இங்கே நிறுத்திக்கொண்டால் இது ஒரு புகழ்ச்சிக் கட்டுரை ஆகிவிடும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இவர்கள் நடித்துப் பார்க்கும் அந்த உலகத்தில் பரிசு இப்படியா இருந்தது?

வாரிக் கொடுத்த பிரபுவுக்கு எங்கிருந்து வந்தது? அவனுடைய நிலத்தில் கட்டுண்டு கிடந்த பண்ணையடிமைகளிடமிருந்து. வாரத்தில் சில நாள் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் உழ வேண்டும். கிறிஸ்துமஸுக்குக் கோழி, ஈஸ்டருக்கு முட்டை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மகளுக்குக் கல்யாணம் என்றால் பிரபுவுக்குக் கட்டணம். குடும்பத் தலைவன் செத்தால், இருப்பதில் நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவான். ஒவ்வொன்றுக்கும் வழக்கம், மரபு என்று அழகான பெயர்கள்.

மேலே இருந்தவர்களும் இதில் தப்பவில்லை. பிரபுக்களிடம் அரசன் வாங்கிய பணத்துக்கு 'உதவி' என்று பெயர். உதவி என்ற பெயரில் நடந்த பிடுங்கலுக்கு எல்லை கட்டத்தான் 1215-ல் மேக்னா கார்ட்டாவில் ஒரு பிரிவு எழுதினார்கள். அரசன் சிறைப்பட்டால் மீட்பதற்கு, மூத்த மகனை நைட் ஆக்குவதற்கு, மூத்த மகளின் முதல் கல்யாணத்துக்கு, இந்த மூன்றுக்கு மட்டும்தான் கேட்காமல் வாங்கலாம் என்றார்கள். 1475-ல் நான்காம் எட்வர்டு பணக்காரக் குடிகளைக் கூப்பிட்டுப் பணம் கறந்தபோது அதற்கு வைத்த பெயர் 'நல்லெண்ணக் கொடை'. மறுக்க முடியாத நல்லெண்ணம்! 1484-ல் பாராளுமன்றம் அதைச் சட்டம் போட்டுத் தடை செய்ய வேண்டியிருந்தது.

மேலிருந்து கீழே வந்த பரிசும் சும்மா வரவில்லை. பிரபு தன் ஆட்களுக்குப் பண்டிகையில் கொடுத்த துணிக்கு 'லிவரி' என்று பெயர். வழங்கப்பட்டது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். பிரபுவின் நிறத்தில் உடை, அவன் சின்னம். அதைப் போட்டுக்கொண்டால் நீ அவன் ஆள். பின்னாளில் அதே சொல் வேலைக்காரரின் சீருடைக்குப் பெயராகிவிட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மாஸ் 1925-ல் பரிசைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில் இதைத்தான் விளக்கினார். இலவசப் பரிசு என்று ஒன்று இல்லை. கொடுப்பது கடமை, வாங்குவது கடமை, திருப்பிச் செய்வது கடமை. இந்த மூன்று கடமைகளால் சமூகம் தன்னைக் கட்டிக்கொள்கிறது. அந்த நூலில் அவர் நம் நாட்டுத் தரும சாத்திரங்களின் தானத்தையும் எடுத்துப் பேசுகிறார்.

மூன்று கேள்விகள்

இவற்றையெல்லாம் வைத்து, ஒரு பரிசு மரியாதையா அவமானமா என்று கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் போதும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஒன்று, யார் யாருக்குக் கொடுக்கலாம்? ஒரே பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மட்டுமே போகிறதா, திரும்பியும் வருகிறதா?

இரண்டு, வேண்டாம் என்று சொன்னால் என்ன நடக்கும்?

மூன்று, அந்தப் பரிசு யாருடைய உழைப்பு? அந்த உழைப்பாளியின் பெயர் சபையில் சொல்லப்படுகிறதா?

சொசைட்டியை இந்த மூன்றிலும் வைத்துப் பாருங்கள். கீழிருந்து மேலே போன மணிமாலை மேலிருந்து பக்கவாட்டில் எங்கெங்கோ போகிறது. இன்று கொடுக்கும் ராஜா ஆறு மாதம் கழித்து வரிசையில் நின்று வாங்குவார். மறுத்தால் யாரும் மாட்டை ஓட்டிக்கொண்டு போகப்போவதில்லை. பிடிக்காவிட்டால் காரில் ஏறி வீட்டுக்குப் போகலாம். செய்தவரின் உழைப்புக்குத் தனிப் பட்டமே இருக்கிறது. அதனால்தான் அந்தப் பெண்ணால் மண்டியிட்டும் நிமிர்ந்து எழ முடிகிறது. அன்று வாசிப்பு வட்டத்தில் தோழர் கேட்ட கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த பதில் இதுதான். முழங்கால் மடங்குவதில் அவமானம் இல்லை. மடக்காமல் இருக்கும் உரிமை இல்லாமல் மடங்குவதில்தான் அவமானம்.

விளையாட்டின் ஓட்டை

இருந்தாலும் அந்த விளையாட்டில் ஓட்டைகள் உண்டு. எல்லோரும் கண்ணியமான குடி என்றால், உழுதது யார்? இந்த இடைக்காலத்தில் பிரபு இருக்கிறான், பண்ணையடிமை இல்லை. கோட்டை இருக்கிறது, கோட்டைக்குக் கல் சுமந்தவன் இல்லை. கொடுமைகளைக் கழித்துவிட்டு நல்லதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் கொடுமையைக் கழிப்பது வேறு, கொடுமைக்கு ஆளானவரை நினைவிலிருந்தே கழிப்பது வேறு. அந்த வித்தியாசம் மறந்துபோகும் இடத்தில் வேறு யாரோ உள்ளே நுழைவார்கள்.

நுழைந்தார்கள். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரத்தில் வெள்ளை இனவெறியர்கள் ஊர்வலம் போனபோது அவர்களில் சிலர் தூக்கியிருந்த கேடயங்களில் இடைக்கால ஐரோப்பாவின் சின்னங்கள் இருந்தன. 2018-ல் தென் கலிபோர்னியாவை உள்ளடக்கிய 'கெய்ட்' ராஜ்யத்தின் ராஜாவும் ராணியும் முடிசூட்டு விழாவில் போட்டிருந்த உடையின் கரையில் ஸ்வஸ்திகா வடிவம் இருந்தது. பழைய கால நெசவு வடிவம்தான் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். உறுப்பினர்கள் ஏற்கவில்லை. பெரிய எதிர்ப்பு கிளம்பி இருவரும் பதவி விலகினார்கள். ஆறு மாத ராஜாவைக்கூட ஆறு மாதத்துக்கு முன்னால் இறக்க முடிந்தது என்பது அந்த அமைப்புக்குப் பெருமை. ஆனால் பழமை என்ற பெயரில் எதுவும் உள்ளே வரலாம் என்ற ஆபத்தும் அன்றைக்குத்தான் பலருக்குப் புரிந்தது.

இன்னொன்று, காசு. கவசம், உடை, கூடாரம், ஒவ்வொரு வார இறுதியும் நூற்றுக்கணக்கான மைல் பயணம். ராஜா ஆவதற்கு வாள் பயிற்சி மட்டும் போதாது. விடுப்பு கிடைக்கும் வேலையும், கரையத் தயாரான கைக்காசும் வேண்டும். பிறப்பு தடுக்காத இடத்தில் பணம் தடுக்கும். இது அவர்களுக்கு மட்டும் உரிய குறை அல்ல.

இங்கே ஆடுவது விளையாட்டு அல்ல

இப்போது அதே மூன்று கேள்விகளை நம் ஊருக்குக் கொண்டு வருவோம்.

தென்னிந்தியக் கோயில்களைப் பற்றி அர்ஜுன் அப்பாதுரையும் கரோல் பிரெக்கன்ரிட்ஜும் 1976-ல் எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. சாமிக்குக் கொடுப்பவருக்குச் சாமியிடமிருந்து மரியாதை திரும்ப வருகிறது. பரிவட்டம், மாலை, பிரசாதம், முதல் மரியாதை எல்லாம் அந்தப் பங்குதான். சரி, அப்படியானால் கொடுக்கவே அனுமதிக்கப்படாதவருக்கு? வரி கொடுக்கிறோம் என்று நம் ஆட்கள் போய் நின்றால், உங்கள் வரி வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்கள் திருப்பி அனுப்பும் ஊர்கள் உங்களுக்கே தெரியும். ஏன் வேண்டாம் என்கிறார்கள்? காசு தீட்டு என்பதாலா? இல்லை. வாங்கிவிட்டால் மரியாதையில் பங்கு கொடுக்க வேண்டும். கண்டதேவித் தேரில் நம் மக்கள் கேட்டது ஒரு கயிற்றை அல்ல, அந்தப் பங்கை.

மறுபக்கம் பாருங்கள். நமக்குக் கொடுப்பதில் மட்டும் அவர்களுக்குத் தயக்கமே இல்லை. சாவு வீட்டில் பறையடித்தால் துணி, சாவுச் செய்தி சொன்னால் படி நெல், களத்துமேட்டில் கடைசியில் கூட்டிய தூசி நெல். கூலி என்று சொல்லாமல் கொடை என்று சொன்னார்கள். கூலி என்றால் கணக்குக் கேட்கலாம், உயர்த்தச் சொல்லலாம். கொடை என்றால் கும்பிட்டுத்தான் வாங்க வேண்டும். உத்தரப்பிரதேசத்தின் ஒரு கிராமத்தை ஆராய்ந்து குளோரியா ரஹேஜா 1988-ல் எழுதிய நூலுக்குப் பெயர் 'பரிசில் இருக்கும் நஞ்சு'. ஆதிக்க சாதி தன் வீட்டு அமங்கலத்தைத் தானத்தோடு சேர்த்து வாங்குபவர் தலையில் இறக்கிவிடுகிறது என்பதை அவர் காட்டினார். நம் பாட்டிமார்களுக்கு அதைப் புத்தகத்தில் படிக்க வேண்டிய தேவை இருந்ததில்லை.

பாபாசாகேப் இதை எப்போதோ கண்டுகொண்டார். மகாராட்டிரத்தில் மகர்களுக்கு 'வதன்' என்று பரம்பரை நிலம் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நிலம் கொடுத்த பெருந்தன்மை. உள்ளே போய்ப் பார்த்தால், அந்தத் துண்டு நிலத்துக்காகக் குடும்பமே இரவு பகல் பாராமல் ஊருக்கும் அரசாங்கத்துக்கும் ஏவல் செய்ய வேண்டும். 1928-ல் பம்பாய் சட்டசபையில் அதைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். தன் மக்களுக்குக் கொடுக்கப்பட்ட நிலத்தையே விலங்கு என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மறுக்க முடியாத பரிசு அடிமைச் சாசனம் என்ற உண்மையை அவர் சட்ட மொழியில் எழுதினார்.

நம் இடைக்காலத்தையும் விட்டுவிட வேண்டாம். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர் ஊராக வருவாயைக் கொடுத்த கணக்கு அந்தக் கோயில் கல்லிலேயே இருக்கிறது. எந்த நிலத்துக்கு வரி இல்லை என்ற பட்டியலில் குளம், வாய்க்கால், சுடுகாடு என்பவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கொடையின் கணக்கில் நாம் எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள். கொடுத்தவர் பட்டியலில் இல்லை, வாங்கியவர் பட்டியலிலும் இல்லை. கழித்த கணக்கில் இருக்கிறோம்.

இன்றைக்கு ஊருக்கு ஊர் 'ஆண்ட பரம்பரை' என்று பேனர் வைக்கிறார்கள். கிரீடமும் வாளும் வைத்துப் படம் போடுகிறார்கள். அதுவும் ஒரு இடைக்கால வேடம்தான். பெர்க்லிக்காரர்கள் வேடம் என்று தெரிந்தே போடுகிறார்கள். மாலையானால் கழற்றி மடித்து வைக்கிறார்கள். தாத்தா பெயரைச் சொல்லிப் பட்டம் கேட்டால் பதிவே கிடையாது என்கிறார்கள். இங்கே வேடம் கழற்றப்படுவதே இல்லை. பிரம்பு வாளும் இல்லை, நிஜ அரிவாள். அடி வாங்கியவர் 'ஆம், விழுந்தது' என்று சொன்னாலும் வழக்குப் பதிவு செய்ய மாட்டேன் என்கிறது காவல் நிலையம்.

நம் மேடையில் பொன்னாடை

கடைசியாக, நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது.

நம் இயக்கக் கூட்டங்களில் முதல் அரை மணி நேரம் எதற்குப் போகிறது? பொன்னாடைக்கு. தலைவருக்கு, வழக்குரைஞருக்கு, வெளியூர்ப் பேச்சாளருக்கு, நன்கொடை கொடுத்தவருக்கு. யாருக்கு முதலில் போர்த்துவது என்பதில் மனத்தாங்கல். அழைப்பிதழில் யார் பெயர் மேலே என்று சண்டை. முதல் மரியாதையை எதிர்த்துப் போராடிவிட்டு வந்து நம் மேடையில் இன்னொரு முதல் மரியாதையைக் கட்டி வைத்திருக்கிறோம். அன்றைக்குக் காலை முதல் நாற்காலி போட்ட தோழர், தட்டி எழுதிய மாணவர், ஐம்பது பேருக்குச் சோறு வடித்த சேரிப் பெண்கள் பெயர் நன்றியுரையில் 'மற்றும் அனைவருக்கும்' என்ற ஒரு சொல்லில் கரைந்துபோகிறது.

மூன்றாவது கேள்வியை இங்கேதான் கேட்க வேண்டும்: இது யாருடைய உழைப்பு, அவர் பெயர் சபையில் சொல்லப்படுகிறதா?

பிரம்பு வாள்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சமையலுக்கும் கணக்குக்கும் வீரத்துக்குச் சமமான பட்டம். கொடுக்கும் கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும். கொடுக்கும் பொருளை எல்லோரும் செய்வார்கள். இதற்குக் கிரீடம் எதுவும் தேவையில்லை. நாமும் செய்யலாம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுக்கும் பழக்கம் நம் தோழர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, நல்லது. இன்னும் ஒரு படி போவோம். அந்தப் புத்தகத்தைத் தலைவர் கையால் கொடுக்காமல், இரவுப் பாடசாலையில் படிக்கும் ஒரு பிள்ளையின் கையால் கொடுப்போம். வழக்குரைஞருக்கு ஒரு புத்தகம் என்றால் சோறு வடித்த அக்காவுக்கும் ஒன்று, அதே மேடையில், அவர் பெயரை முழுதாகச் சொல்லி. அடுத்த கூட்டத்தில் அந்த அக்கா கொடுக்கட்டும், வழக்குரைஞர் எழுந்து வந்து வாங்கட்டும். வேண்டாம் என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் விடுவோம்.

இது சின்ன விஷயம் என்று சில மூத்த தோழர்கள் சொல்வார்கள். நிலம், கூலி, வன்கொடுமை வழக்கு என்று பெரிய வேலைகள் கிடக்கும்போது புத்தகத்தை யார் கொடுத்தால் என்ன என்பார்கள். பெரிய வேலைகள் கிடக்கின்றன, உண்மை. ஆனால் சாதி நம்மிடம் கற்பித்த முதல் பாடமே யார் கை மேலே, யார் கை கீழே என்பதுதான். சொம்பிலிருந்து கைக்குத் தண்ணீர் ஊற்றியபோது அந்தப் பாடத்தை நடத்தினார்கள். அதை மறக்கச் செய்ய இன்னொரு பாடம் வேண்டும். அதைப் புத்தகத்தில் மட்டும் நடத்த முடியாது. கையில்தான் நடத்த வேண்டும்.

அடுத்த வாசிப்பு வட்டத்துக்கு வரும் தோழர்கள் ஆளுக்கொரு பொருள் கொண்டு வாருங்கள். கையால் செய்ததாக இருந்தால் நல்லது, பழைய புத்தகமானாலும் சரி. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவோம். கூட்டம் முடிந்த பிறகு பாய் மடிப்பவர் யாரோ, அன்றைக்குக் கூடை அவர் கையில். யாருக்குக் கொடுப்பது என்று அவர் முடிவு செய்யட்டும். யாரும் மண்டியிட வேண்டியதில்லை.

ஜெய் பீம்.